நடத்துநரும் ஓட்டுநரும்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத் தமிழில் இந்த வேலைக்கு நடத்துநர் என்று பெயர். வண்டியை ஓட்டுகிறவர் ஓட்டுநர், கண்டக்டர் நடத்துநர். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஐந்து வருஷமாக இந்த மனிதர் என்னை நடத்திக்கொண்டுதான் இருந்தார். நான் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இப்போதே கொட்டிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இந்தக் கதையில் கண்ணால் எனக்கு வந்த கஷ்டம் ஒன்றும் இல்லை. வந்ததெல்லாம் வாயால் வந்தது, அதுவும் என் வாயால் அல்ல.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிற வேலை எனக்கு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி என்று மலை மலையாக வரும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் வந்து விழும் துணியை நாள் முழுக்க நின்றுகொண்டே மடிக்க வேண்டும். அதனால் கால் மட்டும் இரும்பு. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுவேன். கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய கம்பியில் ஒரு வளையத்தை மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்வார்கள். வயதுக்கு வந்ததும் “போதும், பொண்ணா லட்சணமா உக்காரு” என்றார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எழுந்தது நாற்பத்தாறு வயதில், சர்க்கரை நோய் வந்த பிறகு.

டாக்டர் என்னிடம் பேசவில்லை. டாக்டர்கள் பேச மாட்டார்கள். என்னைக் கூட்டிவந்த ஆளிடம்தான் எல்லோரும் பேசுவார்கள்.

“சார், அவங்கள தினமும் நடக்க வைங்க.”

“வச்சிடறேன் டாக்டர்,” என்றார் எங்கள் வீட்டுக் கண்டக்டர். சொன்ன சொல் தவறவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. சுற்றிலும் ஓடுபாதை, நடுவில் புல். காலையில் வேலைக்கு முன்னால் அங்கே போவோம். கிழிந்துபோன விரிப்பின் ஓரப் பட்டையை முறுக்கி ஒரு முழக் கயிறாக்கி, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சு அவர் கையில், ஒன்று என் கையில். நடை சில வாரங்களில் ஓட்டமானது. காலுக்குத் தன் பழைய ஞாபகம் வந்துவிட்டது, நான் என்ன செய்ய?

அவருக்குத் தெரிந்த பாஷை பஸ் பாஷை. கிளம்ப வேண்டுமென்றால் “ரைட்”. நிற்க வேண்டுமென்றால் “ஹோல்டான்”. முதல் நாள் அவர் “ரைட்” என்றதும் நான் வலது பக்கம் திரும்பி முள்வேலியில் போய் விழுந்தேன். அதைச் சொல்லிச் சொல்லித் தெருவெல்லாம் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் அவர் சொல்வதற்கெல்லாம் சிரிப்பேன்.

இன்னொன்றும் சொல்வார். நான் கொஞ்சம் வேகம் பிடித்துக் காதில் காற்று அடிக்க ஆரம்பிக்கும்போதெல்லாம், கயிற்றைப் பின்னால் இழுத்து, “முன்னாடி ஆள் இருக்கு, மெதுவா” என்பார்.

“யாருங்க?”

“கைத்தடியோட ஒரு பெரியவர்.”

இன்னொரு நாள், “மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு நடக்குது, பாவம்.” இன்னொரு நாள் காலேஜ் பசங்கள் கூட்டமாக. நான் வேகத்தைக் குறைத்து, அவர் “தாண்டியாச்சு” என்கிறவரை நடப்பேன். தாண்டும்போது, “மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவேன். ஒருவரும் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. மைதானத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காது எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மைதானத்தை ஒட்டித்தான் எங்கள் சலவைப் பிரிவின் கொதிகலன். காலையிலிருந்தே அது உறுமிக்கொண்டிருக்கும். போதாததற்குப் பக்கத்தில் இவர் மூச்சு, துருத்தி மாதிரி. அதையெல்லாம் விடுங்கள். கட்டிய கணவன் ‘ஆள் இருக்கு’ என்றால், இருக்கிறதா இல்லையா என்று யார் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பத்திரிகைக்காரர் எங்களைப் படம் எடுத்தார். ‘கண்ணான கணவர்’ என்று தலைப்புப் போட்டார்கள். ஓடியது நான், பெயர் அவருக்கு. பக்கத்துவீட்டுக்காரி படித்துக் காட்டினாள். என்னைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி, அதிலும் என் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு அவர் நடையே மாறிவிட்டது, செருப்புச் சத்தத்திலேயே தெரியும். ஒரு சங்கத்தில் அவரை மேடை ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண்கள், “நீங்க கொடுத்து வச்சவங்கம்மா. எங்க வீட்டுலயும் இருக்குதே ஒண்ணு, ரிமோட்ட எடுக்கக்கூட எழுந்திருக்காது” என்பார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத பொறாமை. மாதம் முழுக்க வியர்த்தவளுக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை, பக்கத்தில் மூச்சு வாங்கியவருக்குக் கேடயம்.

பேச்சிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. தான் எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததாகவும், முதலில் நான் பயந்து அழுததாகவும் மேடையில் சொன்னார். கயிறு பிடித்தவர் கயிறு திரிக்கவும் கற்றுக்கொண்டார்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை பந்தயத்தில் ஓட வேண்டும். கோடு போட்டு, துப்பாக்கி வெடித்து, என்னோடு வேறு ஆட்களும் ஓடி, இத்தனையாவதாக வந்தாய் என்று யாராவது சொல்ல வேண்டும். கடைசி என்றாலும் சரி.

விளையாட்டுச் சங்க அலுவலகத்துக்குப் போனோம். ஒரே தாழ்வார நடையில் எதிரெதிராக இரண்டு அறை. முதல் அறையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு. அங்கிருந்தவர் என் வீட்டுக்காரரிடம், “இவங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டார். “ஐம்பத்தொண்ணு” என்று நான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, “முப்பத்தஞ்சுக்கு மேல எங்ககிட்ட கிடையாது சார். மூத்தோர் பிரிவு எதிர் ரூம்” என்றார். எதிர் அறைக்குப் போனோம். “வயசு சரி. ஆனா இவங்களுக்குக் கண்ணு தெரியலையே சார். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கே, எதிர் ரூம்” என்றார்கள். அந்த நடையில் நாங்கள் பந்து மாதிரி போய்வந்தோம். கண் தெரியாதவர்களுக்கு வயதாகக் கூடாது, வயதானவர்களுக்குக் கண் போகக் கூடாது. என்னை மாதிரி இரண்டும் உள்ளவர்களை நடையில் நிற்க வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் அடிக்கடி மாற்றி மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு உதவியது டெலிபோன் அக்கா. அறுபதைத் தாண்டியவர், கண் தெரியாதவர், முப்பது வருஷம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். போனில் அவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது. சங்கச் செயலாளரை அலுவலகத்தில் பிடித்தார், வீட்டில் பிடித்தார், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தபோதும் பிடித்தார். கடைசியில் செயலாளர் சலித்துப்போய், கண் தெரியாத பெண்கள், நாற்பத்தைந்துக்கு மேல், எண்ணூறு மீட்டர், மூன்று பேராவது வேண்டும் என்றார். நான், டெலிபோன் அக்கா, மெழுகுவத்தி செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. மூன்று பேர் ஆயிற்று.

“இந்த ஒரு வருஷம்தான்டி,” என்றார் டெலிபோன் அக்கா. “உனக்காகத்தான் நான் வர்றேன். அடுத்த வருஷம் என் முட்டி வராது. மூணு பேரு இல்லைன்னா அந்த ஆளு சந்தோஷமா இழுத்து மூடிடுவான். ஓடறதுன்னா இப்பவே ஓடிக்க.”

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண்ணைக் கேட்டேன். எல்லோரும் அவளை டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் அந்த வேலை பார்க்கும் ஒரே பெண் அவள். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் சொன்னால் செய்வாள்.

“ஓடணும், அவ்வளவுதானேக்கா? வாங்க.”

அவள் அதிகம் பேசவில்லை. “இடது வளைவு” என்பாள், “நேர்” என்பாள், அவ்வளவுதான். கயிறு எங்களுக்கு நடுவில் தொய்ந்து கிடந்தது. அது தொய்ந்து கிடக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், ஐந்து வருஷமாக அது விறைப்பாகத்தான் இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, யாரும் என்னைப் பின்னால் இழுக்கவில்லை. காற்று முகத்தில் அடித்து, காதைத் தாண்டி, முடிக்குள் புகுந்தது. எனக்கு ஓட்டம் இவ்வளவு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். நின்றபோது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

“இன்னைக்கு என்ன, ஆளே காணோம்?” என்றேன்.

“எங்கக்கா?”

“இங்கதான். தினமும் முன்னாடி யாராவது போயிட்டிருப்பாங்களே.”

“இந்த நேரத்துக்கு யாருக்கா வர்றா? நான் தினமும் அந்த ஷெட்டுல நின்னுதான் வண்டி கழுவறேன். அங்கேருந்து மைதானம் பூரா தெரியும். நீங்க ரெண்டு பேரும்தான். அப்புறம் ஒரு வெள்ளை நாய், அதுவும் பாதி நாள் தூங்கும்.”

“கைத்தடி வச்சுக்கிட்டு ஒரு பெரியவர்?”

“யாரு?”

“மாசமா இருக்கிற ஒரு பொண்ணு?”

“அக்கா, நீங்க ஓடறப்ப ‘மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க’ன்னு கையெடுத்துச் சொல்லிட்டே போவீங்க இல்ல? சாமிகிட்ட ஏதோ வேண்டுதல் போலன்னு நான் நெனச்சேன்.”

எத்தனை காலை, காலி மைதானத்தில், கையெடுத்து, இல்லாத கிழவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பிறக்கவே போகாத பிள்ளையைச் சுமந்த இல்லாத பெண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, அவளுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லையா என்று அவரிடமே விசாரித்திருக்கிறேன். “பொறந்துருச்சு, ஆண் குழந்தை” என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

“என்னால முடியல, கொஞ்சம் மெதுவா ஓடு” என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் நானே குறைத்திருப்பேன். ஐம்பத்தெட்டு வயது, இடது முட்டி பஸ்ஸிலேயே தேய்ந்துபோனது, இதில் என்ன வெட்கம்? ஆனால் கண் தெரியாத பெண்டாட்டியின் காலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று சொல்ல அந்த ஆம்பளைக்கு வாய் வரவில்லை. தன் கிழட்டுத்தனத்தை என் குருட்டுத்தனத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டார். அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இதிலும் வேடிக்கை ஒன்று உண்டு. முப்பது வருஷம், மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு, “முன்னாடி போங்க, முன்னாடி காலியாத்தான் இருக்கு” என்று கத்தியவர் இவர். ஈ காக்கா இல்லாத மைதானத்தில் “முன்னாடி ஆள் இருக்கு” என்றார். தொழில் விட்டாலும் வாய் விடவில்லை.

காய்ச்சல் தணிந்து அவர் எழுந்து உட்கார்ந்ததும் சொன்னேன்.

“பந்தயத்துக்கு டிரைவர் பொண்ணு வரட்டும்ங்க.”

“ஏன்? எனக்கு என்ன?”

“உங்களுக்கு மூச்சு வாங்குது.”

“காய்ச்சல்ல மூச்சு வாங்காம பாட்டா வரும்? அந்த ஷூ சரியில்ல, அதான் கொஞ்சம் இழுக்குது.”

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பேச்சையும் நிறுத்தினார். நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் மட்டும் என்னோடு சண்டை போட்டார். இரண்டு நாளில் என் நாத்தனார் போன் செய்து, “புருஷன் இருக்கறப்ப எவளோ ஒருத்தி கையப் புடிச்சிட்டு ஓடுவியா? பாக்கறவங்க அவனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?” என்றாள். அவளை நான் பொருட்படுத்தவில்லை. மகள் கூப்பிட்டபோதுதான் தோற்றேன்.

“அம்மா, அப்பாவுக்கு ரிட்டயர் ஆனப்புறம் அது ஒண்ணுதாம்மா இருக்கு. அதையும் புடுங்கிடாத.”

எனக்கு எத்தனை இருக்கிறது என்று அவள் எண்ணிப் பார்த்தாளா, தெரியவில்லை. பெற்றவள் கேட்கவும் கூடாது. சரி என்றேன்.

அன்று மாலை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நீங்களே வாங்க. ஆனா ஒரு கண்டிஷன்.”

“என்ன?”

“இல்லாத ஆளை இருக்குன்னு சொல்லக் கூடாது. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, நான் குறைச்சுக்கறேன். எனக்கு ஜெயிக்கணும்னு இல்லீங்க. பொய் மட்டும் வேண்டாம்.”

‘நான் எப்ப சொன்னேன்’ என்று குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை.

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அந்த ஒரு சொல்லை நான் நம்பினேன். மறுபடியும் சொல்கிறேன், நம்பினேன். அந்த மாதம் முழுக்க மைதானத்தில் அவர் வாயிலிருந்து ஆள் எதுவும் கிளம்பவில்லை. வாக்குக் கொடுத்தபடி “கொஞ்சம் மெதுவா” என்று கேட்டார். கேட்டபோதெல்லாம் குறைத்தேன். குறைக்கும்போது அவர்மேல் பிரியமாகக்கூட இருந்தது.

பந்தய நாளில் எங்கள் மூவருக்கும் கண்ணைக் கறுப்புப் பட்டையால் கட்டினார்கள். விதியாம். யாருக்காவது கொஞ்சம் வெளிச்சம் தெரிந்துவிட்டால் அநியாயமாகிவிடுமாம். “கண்ணக் கட்டிக் காட்டுல விட்டாப்புலன்னு சொல்வாங்களே, இதுதான்டி,” என்று டெலிபோன் அக்கா சிரித்தார். இன்னொரு விதியையும் நடுவர் உரக்கச் சொன்னார். கூட ஓடுபவர் கயிற்றை விடக் கூடாது. கோட்டைத் தாண்டும்வரை இரண்டு பேர் கையிலும் கயிறு இருக்க வேண்டும். விட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

ஒலிபெருக்கி முடிவுக்கோட்டுப் பக்கம் ஒரு கம்பத்தில் இருந்தது. அதில் ஒருவர், தன் துணைவியின் கண்ணாக வாழும் தியாகச் செம்மல் இதோ நம்மிடையே என்று முழங்கிக்கொண்டிருந்தார். தியாகச் செம்மல் எனக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கி ஆட்டினார். கயிறு ஆடியதில் தெரிந்தது.

வெடித்தது. ஓடினோம்.

முதல் சுற்றில் மெழுகுவத்தி அம்மா எனக்கு முன்னால் இருந்தார். அவர் காலடி தப் தப்பென்று கேட்டது. டெலிபோன் அக்கா ஓடும்போதும் பேசுவார், கூட ஓடும் பெண்ணிடம் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே பின்தங்கிப் போனார். கடைசிச் சுற்றின் மணி அடித்தது. எதிர்ப்புற நேர்பாதையில் மெழுகுவத்தி அம்மாவின் மூச்சு என் தோளுக்கு வந்தது, பிறகு முதுகுக்குப் போனது. தாண்டிவிட்டேன். ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இல்லை என்றேனே, அது பொய். அந்த நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன், எனக்கு ஜெயிக்க வேண்டும்.

கடைசி வளைவு முடிந்து அவர் “நேர்” என்றார். இனி கோடுவரை நேர்பாதைதான். எதிரே ஒலிபெருக்கி அலறியது. அதன்மேல் காதை வைத்துக்கொண்டு வேகம் பிடித்தேன். கயிறு விறைத்தது.

“முடியலையா?” என்று கேட்டேன். ஓடிக்கொண்டே கேட்டேன். முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அப்போதும் குறைத்திருப்பேன். மெழுகுவத்தி அம்மா பின்னால் தூரத்தில்தான் இருந்தார்.

“முன்னாடி... முன்னாடி ஆள் இருக்கு,” என்றார்.

டெலிபோன் அக்காவின் பேச்சுக் குரல் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மெழுகுவத்தி அம்மா எனக்குப் பின்னால். ஓடுவதே மூன்று பேர். எனக்கு முன்னால் இருந்தது காற்று ஒன்றுதான்.

நான் நிற்கவில்லை.

முதலில் கயிறு தளர்ந்தது. அதன் பிறகுதான் பின்னால் தொம்மென்று சத்தம். விழுந்ததால்தான் விட்டேன் என்று இன்றுவரை சொல்கிறார். எனக்கு வரிசை நன்றாக நினைவிருக்கிறது. விட்டார், பிறகு விழுந்தார்.

ஓட்டம் கணக்கில் வராது என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும். நின்றிருக்கலாம். ஆனால் கால் கேட்கவில்லை. ஐம்பத்தோரு வயதில் முதல்முதலாக யார் கையும் இல்லாமல், கம்பி வளையமும் இல்லாமல் ஓடினேன். ஒலிபெருக்கி, “ஐயோ, விழுந்துவிட்டார்! நம் செம்மல் விழுந்துவிட்டார்!” என்று அலறியது. எனக்கு இரண்டு பக்கமும் செருப்புகள் தடதடவென்று பின்னோக்கி ஓடின. ஒலிபெருக்கியைத் தாண்டினேன். கோடு என்று சொல்ல ஆளில்லை. வளைவு என்று சொல்லவும் ஆளில்லை. நேராக ஓடி, புல்லில் இறங்கி, நீளம் தாண்டுகிறவர்களுக்கான மணலில் போய் முகம் குப்புற விழுந்தேன்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மைதானம் பெருக்குகிற அம்மா ஒருத்தி வந்தாள்.

“ஏம்மா மண்ணுல உக்காந்திருக்க?”

“கோடு எங்கம்மா?”

“கோடா? அது எப்பவோ தாண்டிட்டியே. நீதான் மொதல்ல வந்த, நான் பாத்தேன். எல்லாரும் உன் வீட்டுக்காரரப் பாக்கப் போயிட்டாங்க, பாவம், ரொம்ப அடியாம்.”

செயலாளர் பிறகு வந்தார். கயிறு விட்டதால் நான் பட்டியலிலேயே இல்லை என்றார். பரிசு மெழுகுவத்தி அம்மாவுக்கு. “ஆனா கவலப்படாதீங்கம்மா, உங்க ஹஸ்பெண்டுக்கு ஒரு சிறப்புப் பரிசு அறிவிச்சிருக்கோம். உடம்பு முடியாமலும் ஓடினாரே.”

“எனக்கு?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்மா.” அடுத்த வருஷம் இந்த ஓட்டமே இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

மைதானத்தில் காவலுக்கு நின்ற ஆம்புலன்ஸ் எங்கள் ஆஸ்பத்திரியுடையது. டிரைவர் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் ஏற்றிவிட்டாள். அவள் பிடியிலேயே கோபம் தெரிந்தது.

“அக்கா, உங்களுக்கு முன்னாடி...”

“யாரும் இல்ல. தெரியும்மா.”

உள்ளே அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். கெண்டைக்கால் தசை கிழிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை, வலி மட்டும் பலமாக இருக்கும் என்று முதலுதவி செய்தவர் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார். பின்கதவை மூடுகிறவரை ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

“ஆள் இருக்குன்னு சொன்னேன்ல? நீ ஏன் நிக்கல?”

கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பியது. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவருக்குக் கூரையைத் தவிர ஒன்றும் தெரியாது. என் தலைக்குப் பின்னால் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது, அதன் வழியாக டிரைவரோடு பேசலாம்.

“ரோடு காலியாத்தான் இருக்குக்கா. அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்,” என்றாள் அவள். சைரன் சத்தத்தில் அவர் காதில் விழுந்திருக்காது.

நான் திறப்பில் வாயை வைத்தேன். “சைரன நிறுத்திடும்மா. மெதுவா போ.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சத்தம் நின்றது. வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவர் பல்லைக் கடித்தார்.

“என்ன இது, மாட்டு வண்டியாட்டம் போவுது? வலி உயிர் போவுது. வேகமா போகச் சொல்லு.”

“முன்னாடி ஆள் இருக்குங்க,” என்றேன்.

“யாரு?”

“கைத்தடியோட ஒரு பெரியவர். அவருக்கு முன்னாடி, மாசமா இருக்கிற ஒரு பொண்ணு.”

அவர் முனகல் நின்றுவிட்டது. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அன்றைக்கு அவர் என்னை விட்டது அது இரண்டாவது தடவை.

“அக்கா, இப்ப வேகம் எடுக்கட்டுமா?” என்று திறப்பு வழியாக டிரைவர் கேட்டாள்.

“இரும்மா,” என்றேன். “அவங்க தாண்டிப் போகட்டும்.”